காளியாயி பெயரில் போன பிரேமினியின் பதில்

அனுப்புநர்:
வீ. காளியாயி,
இரண்டாம் லயம், மேற்பிரிவு,
செண்பகமலைத் தோட்டம்,
றொசல்ல.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மலைச்சாரல் தாதியர் பயிற்சி நிலையம்,
ஹட்டன்.

விடயம்: செல்வி ப. பிரேமினியின் விண்ணப்பக் கோவையிலுள்ள ‘ஆள்மாறாட்டம்’ என்ற குறிப்பை நீக்குதலும், அனுமதிக் கடிதத்தை அவரது வீட்டுக்கே அனுப்புதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. எனது பக்கத்து வீட்டுப் பழனியாண்டியின் மகள் பிரேமினி, தங்கள் நிலையத்தில் பயிற்சிக்குத் தெரிவாகியுள்ளதாக சென்ற வாரம் தொலைபேசியில் அறிவித்தீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் லயத்துக்கே மூச்சு வந்தது. முதலில் அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. புகார் பின்னால் வருகிறது.

2. எங்கள் லயத்தின் வரிசை வீடுகளுக்கு எண் கிடையாது. கடிதங்கள் யாவும் தோட்டத்து ஆபீசுக்கே போகும். அங்கிருந்து எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. எங்கள் லயத்து வீரய்யாவின் மகன் வினோஜனுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகுதான் அவன் கைக்குக் கிடைத்தது. அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். ஆகவே, என் மகன் நிரஞ்சன் எனக்கொரு கைபேசி வாங்கி மின்னஞ்சலும் திறந்து கொடுத்தபோது, லயத்தில் எல்லாரும் அந்த முகவரியையே எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் எங்களுக்கு அதில் தவறொன்றும் தெரியவில்லை. யாருக்கு எது வந்தாலும் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

3. ஆனால் அந்த மின்னஞ்சலுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே ஆள். அதன் எண்ணத்தில் காளியாயி என்ற ஒருத்தி பிறப்புச் சான்றிதழ் கேட்கிறாள், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு பார்க்கிறாள், தாதி வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், முழங்கால் வலிக்குக் கிளினிக் போகிறாள். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நான்.

4. தங்கள் நேர்முகப் பரீட்சை அறிவித்தல் வந்ததும், தனக்கு வந்த அஞ்சல்களையெல்லாம் பார்த்து மின்னஞ்சலே ஒரு பதிலை எழுதித் தயாராக வைத்தது. நல்ல தமிழ்தான், குறை சொல்ல முடியாது. பிரேமினி முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு, சந்தோஷத்தில் அப்படியே அனுப்பிவிட்டாள். அன்று காலை முழங்கால் கிளினிக் இருப்பதால் சற்றுத் தாமதமாக வருவேன் என்று கீழே எழுதியிருந்ததையும், அதற்கும் கீழே என் பெயர் இருந்ததையும் அவள் பார்க்கவில்லை.

5. அதற்குத் தங்கள் நிலையம், ஆள்மாறாட்டம் சந்தேகிக்கப்படுவதாகவும், உரிய நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. அது மற்ற வீட்டாருடைய அஞ்சல்களின் அடியில் போய்விட்டது. நாங்கள் யாரும் காணவில்லை. தவணை முடிவதற்கு முதல்நாள் அதே மின்னஞ்சல்தான் அதை மேலே தூக்கி வைத்து, இதற்கு இன்னும் பதில் அனுப்பவில்லை என்று நினைவூட்டியது. கெடுத்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான். அதைப் பிரேமினிக்கு வாசித்துக் காட்டினேன். பிரேமினி அழவில்லை. எழுந்து போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

6. இம்முறையும் ஒரு பதில் தயாராக இருந்தது. அதைத் தொடாமல் நேரே தொலைபேசி எடுத்தோம். பேசியவர் தங்கள் அலுவலர் செல்வி ஷஸ்னா. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முழங்கால் வலி யாருக்கு?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எனக்குத்தாங்க மிஸ், புள்ளைக்கு ஒன்னுமில்லைங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிரேமினியை நேர்முகப் பரீட்சைக்கும் அனுமதித்தார். அந்த மிஸ் நன்றாக இருக்க வேண்டும்.

7. இனி என் புகார். பிரேமினி தெரிவான பிறகும் ‘ஆள்மாறாட்டம்’ என்ற அந்தச் சொல் அவள் கோவையில் அப்படியே இருக்கிறது. அதை நீக்கும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு என்று செல்வி ஷஸ்னா கூறினார். நோயாளிக்கு ஊசி போடப்போகிற பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அப்படியொரு சொல் இருக்கக் கூடாது. வாசிக்காமல் அனுப்பியது அவள் பிழை. ஒரு முகவரியை ஊருக்கே கொடுத்தது எங்கள் பிழை. அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரு தடவை தொலைபேசியில் கேட்காதது தங்கள் நிலையத்தின் பிழை. இந்த இடத்தில் தொனி கடுமையாக உள்ளது, மென்மையாக்கித் தரவா என்று மின்னஞ்சல் என்னைக் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டேன்.

8. எனவே அக்குறிப்பை நீக்கி, நீக்கியதாக எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பிரேமினிக்குத் தனி மின்னஞ்சல் திறந்தாயிற்று. என்றாலும் அனுமதிக் கடிதத்தைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். கதவுகளுக்கு நாங்களே எண் எழுதிவிட்டோம். எண் இருந்தால் லயத்துக்கே கொண்டுவந்து தருவதாகத் தபால்காரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளுடைய வீடு எண் ஐந்து. பழனியாண்டி ஒரு பிஸ்கட் டின்னை வாசலில் ஆணியடித்து, அதில் மகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் திறந்து பார்க்கிறார். அதில் இதுவரை எதுவும் விழவில்லை. முதலில் விழுவது தங்கள் கடிதமாக இருக்கட்டும், ஐயா.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
வீ. காளியாயி
வீட்டு எண் ஆறு

இடம்: றொசல்ல
திகதி: 2025.11.18