கயிறு பிடித்தவள் பங்கு

பிப்ரவரி 5, வியாழன்

நைனா இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பாராம். என் வகுப்புக்குப் பசங்க வரலன்னா, திங்கட்கிழமை காலை மீஞ்சூர் கம்பெனி வேலைக்குப் போகும் வேனில் நான் ஏற வேண்டும். "காலேஜ பாதியில விட்டவ டீச்சராம். ஊரே சிரிக்குது."

சிரிக்கட்டும். காலேஜில் இங்கிலீஷில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னேன். அங்கேயும்தான் சிரித்தார்கள். பதில் சரி. அதை ஒருத்தரும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே வலைக் கொட்டகையில் சனி, ஞாயிறு காலை நான் எடுக்கும் வகுப்பில் ஒரே சட்டம் — தப்பா சொன்னா யாரும் சிரிக்கக் கூடாது.

பிப்ரவரி 6, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாள் என்று பசங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆறாவது படிக்கும் வைஷ்ணவி வாசலில் வந்து நின்று அதிகாரம் செய்கிறாள். "கலர் டிரஸ் போட்டுக்கினு வரணும் டீச்சர். சாக்லேட்டு நீங்க தரணும். கேக்கு எங்க செலவு." எத்தனை வயசு என்று கேட்டாள். இருபது என்றேன். அவ்ளோதானா என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 7, சனி

ஒருத்தரும் வரல.

நெத்திலி கரைக்கே வந்திருக்கிறது. துளசிங்கம் அண்ணன் கரைவலை போட்டிருக்கிறார். கயிறு இழுக்க எல்லாப் பசங்களும் அங்கே. இழுத்தால் அரைப் பங்கு மீன். வீட்டிலேயே அனுப்பிவிடுகிறார்கள். யார் மேல் கோபப்படுவது?

காலிப் பாய்க்கு முன்னால், கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நைனா அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்தார். அப்படியே போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

வேன் டிரைவரிடம் பேசிவிட்டாராம். பேசட்டுமே. நாளைக்கு இன்னும் இருக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு

மஞ்சள் சுடிதார் போட்டேன். கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு கரைக்கே போனேன்.

கரைவலைக்கு இரண்டு கயிறு. தூரத்துக் கயிற்றில் நைனா. பசங்க பிடித்திருந்த கயிற்றை நானும் பிடித்தேன். டீச்சரு நெத்திலிக் குழம்புக்கு வந்துகீது என்றார் துளசிங்கம் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். இழுத்தேன். வலை கரையேறும் வரை விடவில்லை. உள்ளங்கைத் தோல் போச்சு. சுடிதாரும் போச்சு.

பிறகு பங்கு பிரித்தார்கள். கயிறு பிடித்த எல்லோருக்கும் பங்கு உண்டு. எங்கள் கரையில் வழியோடு போகிறவன் பிடித்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். துளசிங்கம் அண்ணன் என் முன்னால் மீனைக் கொட்ட வந்தார்.

"மீன் வேணாம்ணா. என் பங்குக்குப் பசங்கள குடுங்க."

"இன்னாது?"

"அடுத்த வலைக்கு இவங்க இழுக்க மாட்டாங்க. பாடம் இருக்கு."

"அப்போ நீ ஒருத்தியே இழுப்பியா?"

"வாரா வாரம் ஒரு வலை இழுக்கறேன். மீன் கேக்க மாட்டேன். என் பங்கு இதான்."

அவர் சுற்றிப் பார்த்தார். கூடையோடு காத்திருந்த மீன்காரி ரங்கம்மாள் அக்காதான் வாயைத் திறந்தாள். "கயிறு புடிச்சவளுக்குப் பங்கு இல்லன்னு சொல்லிடுவியா நீ? குடுத்துட்டு வலைய போடு. வெயில் ஏறுது."

நைனா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

துளசிங்கம் அண்ணன் கையை உதறினார். "இட்டுக்கினு போ."

படகு நிழலில் வகுப்பு. பசங்க பங்கு நெத்திலியையே மணலில் கூறு போட்டுப் பின்னம் நடத்தினேன். அரையில் பாதி எவ்வளவு? வைஷ்ணவி தப்பாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி யோசித்து, கால் என்றாள்.

நனைந்து போன சாக்லேட்டைக் கொடுத்தேன். கேக்கை அவள் மீன் கையாலேயே வெட்டினாள். செதில் ஒட்டியிருந்தது. தின்றேன். நல்லாதான் இருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நைனா வெளியே போனார். என்ன சொன்னாரோ, வேன் போய்விட்டது.

உள்ளே வந்து என் கையைப் பார்த்தார். தேங்காய் எண்ணெயை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அப்புறம், கொட்டகையில் அந்தக் கரும்பலகை ஆடுதே, ஆணி எங்க அடிக்கணும் என்று கேட்டார்.