வெண்கலத்தார் தனியாகப் பேசியவர் அல்லர்

அனுப்புநர்:
காலஞ்சென்ற கதைப்பாட்டுக் கலைஞர் வெண்கலத்தாரின் மைத்துனனும், அன்னாரின் மேடையில் ஆயுள் முழுக்க 'ஆமா' சொன்னவனுமாகிய 'ஆமா மாமா'.
உடன்: அன்னாரின் மனைவியாகிய என் அக்கா, மத்தளக்காரர் யானை, ஜால்ராக்காரர் ஒல்லி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மக்கள் இசை ஒலிக்காப்பகமும் காட்சிக்கூடமும்,
முதல் மாடி, மின்விசிறி ஓடும் அறை.

பொருள்: வெண்கலத்தாரின் ஒலிப்பதிவிலிருந்து என் குரல் துடைக்கப்பட்டமை – சுவரிலுள்ள அவதூறு அட்டையை அகற்றுதல் – அசல் ஒலிநாடா நாளைக் காலை குப்பை வண்டியில் ஏறாமல் காத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு நீளமானது. சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; வெண்கலத்தாரைப் பற்றி எதையும் சுருக்கமாகச் சொன்னவர் இப்பூவுலகில் பிறக்கவில்லை. எனவே தாங்கள் ஒரு தேநீருக்குச் சொல்லிவிட்டு இதைப் படிக்கத் தொடங்குமாறு பணிவுடன் பரிந்துரைக்கிறேன்.

1. வெண்கலத்தார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அன்று, தொண்டை வைத்த பெயர். அன்னார் எடுத்த எடுப்பில் ஒரு குரல் விட்டால் முதல் தெருவில் ஜன்னல்கள் தாமாகவே சாத்திக்கொள்ளும். இரண்டாம் தெருவில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். மூன்றாம் தெருவில் தூங்க அடம்பிடிக்கும் குழந்தை பயந்து தூங்கிவிடும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் எங்கள் நிகழ்ச்சிக்கு மட்டும் பெருக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காதுக்குப் பஞ்சு எடுத்துவருவார். மிகை என்று ஐயப்பட்டால் மத்தளக்காரர் யானையின் வலது காதில் ஏதாவது பேசிப் பாருங்கள். அந்தக் காதுதான் வெண்கலத்தார் பக்கம் இருந்தது. இப்போது அது அலங்காரத்துக்கு மட்டும் இருக்கிறது.

2. இவ்வளவு பெரிய தொண்டையைக் கொடுத்த ஆண்டவன், ஞாபகசக்தியைக் கொடுக்கும்போது கையை இறுக்கிக்கொண்டான். கதையில் யார் செத்தார், யார் பிழைத்தார், யார் யாருக்கு மாமனார் என்ற கணக்கெல்லாம் அன்னாரிடம் நிற்காது. அதற்காகத்தான் அடியேன். கதைப்பாட்டில் ஒருவர் பாட, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து 'ஆமா' சொல்ல வேண்டும். இதே பணி தங்கள் அலுவலகத்திலும் சிறப்பாக நடைபெறுவதை வரும் வழியில் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் இங்கே ஒரே ஒரு ரக ஆமாதான் புழங்குகிறது. என்னுடையவை பல ரகம். வெட்டி எடுத்தாற்போல 'ஆமா' என்றால், சரியாகப் போகிறது, மேலே போ. 'ஆமாஆஆ' என்று இழுத்தால், கதை கைநழுவிவிட்டது, நிதானமாகத் தேடு, அதுவரை கூட்டத்தை நான் பிடித்துவைக்கிறேன். 'ஆமாவா?' என்றால், நீ சொன்னது தப்பு, மரியாதையாக மாற்று. 'ஆமாமாமா' என்று அடுக்கினால், நம்மை ஏற்றிவந்த வண்டிக்காரர் கிளம்பப் பார்க்கிறார், யாரையாவது கொன்றோ கல்யாணம் செய்துவைத்தோ கதையை முடி. ஐயா, அன்னார் கப்பல் என்றால் நான் சுக்கான். இதை அக்கா காதுபட நான் சொல்வதில்லை. கப்பலின் உரிமையாளர் அவள்.

3. அன்னார் மறைவதற்கு முந்தைய ஆண்டு தங்கள் காப்பகத்தார் எங்களை அழைத்து, குளிரூட்டிய அறையில் முழுக்கதையையும் ஒலிநாடாவில் பதிவு செய்தனர். ஆளுக்கு ஒரு மைக். எனக்கும் தனி மைக்! அதன் எதிரே அமர்ந்தபோது பட்டாபிஷேகத்துக்கு வந்தவன்போல என் முதுகு தானாக நிமிர்ந்தது. பிறகு அப்பதிவைக் கணினிக்கு மாற்றிய தங்கள் ஒலிப்பொறியாளர் தம்பி, அதைத் 'தூய்மை' செய்துள்ளார். தூய்மை என்றால் என்னவென்று சென்ற வாரம்தான் தெரிந்தது. என் மைக்கை மூடிவிட்டார். வெண்கலத்தாரின் மைக்கில் ஒட்டிக்கொண்டிருந்த என் குரலையும் கரண்டியால் சுரண்டுவதுபோலச் சுரண்டிவிட்டார். நேரில் கேட்டதற்கு, "சார், பெரியவர் வாய்ஸ்தான் கலை. மத்ததெல்லாம் இரைச்சல்" என்றார். தம்பி நல்ல பிள்ளை, முகத்தில் கள்ளம் இல்லை. ஆனால் பதிவின் நடுவே எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. அதை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறார். ஏன் என்றதற்கு, "அது சூழல் ஒலி சார், இயல்பா இருக்கும்" என்றார். அந்த நாய்க்குக் கிடைத்த அங்கீகாரம் எனக்குக் கிடைக்கவில்லை. நாய்மீது எனக்குப் பகை இல்லை. அது ஒரே முறைதான் குரைத்தது, அதுவும் சரியான இடத்தில்.

4. இதனால் விளைந்த கேடு யாதெனில்: கதையின் நடுவில் போரில் இறந்துபோன ராஜா, சிறிது நேரத்தில் விருந்துக்கு வந்து உட்காருகிறார். வெண்கலத்தார் வழக்கம்போல மறந்துவிட்டார். நான் உடனே மடக்கினேன்: "மச்சான், இப்பத்தானே அந்த ராஜாவ சாகடிச்ச? அவரு எப்படி வந்து இலை முன்னாடி உக்காந்தாரு?" அன்னார் கண் இமைக்கவில்லை. "அது அவன் தம்பிய்யா! மூஞ்சி ஒண்ணு!" என்றார். அந்த ஒரு பதிலில் இல்லாத தம்பி பிறந்து, வளர்ந்து, அண்ணனுக்காகப் பழிவாங்கி, கடைசியில் முடிசூடினான். அப்பேர்ப்பட்ட கற்பனை! இப்போது தங்கள் பதிவில் என் கேள்வி இல்லை. ராஜா சாப்பிட உட்காருகிறார். திடீரென்று வெண்கலத்தார் யாரும் கேட்காமலே, "அது அவன் தம்பிய்யா! மூஞ்சி ஒண்ணு!" என்று கத்துகிறார். பின் அமைதி. பின், "சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்" என்கிறார். யாரிடம்? நாயிடமா?

இன்னொரு இடத்தில் நான் குறுக்கே விழுந்ததற்கு அன்னார் என்னை, "வயித்துக்கு இருக்கிற வேலைல பாதியாவது மூளைக்கு இருக்காடா உனக்கு?" என்று அன்பாகக் கடிந்துகொண்டார். மாணவர்களை அழைத்துவந்த ஓர் ஆசிரியை பதிவைக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த அன்பு நேராக அவர்மீது பாய்ந்துவிட்டது. அவர் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, காட்சிக்கூடத்தைவிட்டே வெளியேறினாராம். அந்த வசவு எனக்குச் சேர வேண்டியது ஐயா. அது என் சொத்து. பிறர்மீது அது பட்டதற்கு அந்த அம்மையாரிடம் இம்மனு வாயிலாக மன்னிப்புக் கோருகிறேன்.

5. இக்குளறுபடியை விளக்குவதற்காகத் தங்கள் அலுவலர் எவரோ சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார். "இறுதிக் காலத்தில் கலைஞருக்குத் தமக்குத்தாமே பேசிக்கொள்ளும் பழக்கம் இருந்தது" என்று அதில் அச்சாகியிருக்கிறது. கண்ணாடிச் சட்டம் வேறு.

ஐயா, இந்த ஓரிடத்தில் என் வழக்கமான வாய்த்துடுக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். வெண்கலத்தார் தம் வாழ்நாளில் ஒரு வாக்கியம்கூடத் தனியாகப் பேசியவர் அல்லர். கண்ணை மூடித்தான் பாடுவார். பாடும்போது இடதுகை மட்டும் பின்னால் வந்து என் முழங்காலைத் தொட்டுப் பார்க்கும். ஒல்லி இதைப் பற்றி, "பாட்டு மறந்தாலும் அந்தாளுக்கு முட்டி மறக்காதுப்பா" என்பார். ஒருமுறை போர்க்காட்சியின் உச்சத்தில் எனக்கு இயற்கை உபாதை. இரண்டு படையும் வாளை ஓங்கிவிட்டன, நான் நழுவிவிட்டேன். திரும்பி வந்தால் மேடையில் சத்தமே இல்லை. கூட்டம் முழுவதும் என்னையே பார்க்கிறது. யானை மத்தளத்தின்மீது கன்னத்தை வைத்துச் சாய்ந்திருக்கிறார். என் முழங்கால் கைக்கு அகப்படாததால் வெண்கலத்தார் பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்திடம், "மாப்ள வரட்டும். அவன் ஆமான்னு சொல்லாம இந்த வெட்டு விழாது" என்று சொல்லியிருக்கிறார். நான் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்து ஆமா போட்ட பிறகுதான் எதிரியின் தலை உருண்டது. அன்று கூட்டத்தில் எழுந்த கைதட்டல் யாருக்கு என்று இன்றுவரை எனக்கும் மச்சானுக்கும் தகராறு. இப்படிப்பட்ட மனிதர் தமக்குத்தாமே பேசினாராம்.

6. இனி, சென்ற வெள்ளியன்று நடந்தது. தங்கள் காட்சிக்கூடத்தில் அன்னாரின் பதிவு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு நாங்கள் நால்வரும் குளித்து, தலைவாரி, சலவைத் துணி உடுத்தி வந்தோம். நான்கு நாற்காலி, நான்கு காதுக்கருவி. அக்கா முதலில் மாட்டிக்கொண்டாள். இதில் தாங்கள் அறிய வேண்டிய ஒரு குடும்ப விவரம் உண்டு. கல்யாணமான நாள் முதலாக அக்கா தன் கணவர் சொன்ன எதற்கும் 'ஆமா' சொன்னதே இல்லை. "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று அவர் சொன்னால், "நேத்துதான் ஜாஸ்தி" என்பாள். "சாம்பார் நல்லாருக்கு" என்றால், "அது ரசம்" என்பாள். 'ஆமாவைத் தம்பிகிட்ட வாங்கிக்குங்க, என்கிட்ட கிடைக்காது' என்பதே அவள் கொள்கை.

அன்று பதிவில் வெண்கலத்தார் ஓரிடத்தில் பாட்டை நிறுத்தி, "என்ன, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்கிறார். வழக்கமாக நான் விழவேண்டிய இடம் அது. நான் விழவில்லை, துடைக்கப்பட்டுவிட்டேன். அன்னாரின் மூச்சு மட்டும் கேட்கிறது. மறுபடி, "சரிதானேய்யா?" என்கிறார். மறுபடி மூச்சு. அக்கா இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு, "சரிதாங்க! நீங்க சொன்னது சரிதான்! மேல பாடுங்க!" என்றாள். காதில் கருவி மாட்டியவர்கள் தம் குரலின் அளவை அறியார். அக்காவுக்குக் கருவி இல்லாமலே குரல் வளம் அதிகம். கூடமே அதிர்ந்தது. அக்கா வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்ட பிறகு எங்களால் சும்மா இருக்க முடியுமா? நான் அதுவரை தொண்டையில் அடக்கிவைத்த ஆமாக்களையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். யானை எதிரேயிருந்த கண்ணாடிப் பெட்டியில் தாளம் போட்டார். ஒல்லி இரண்டு சாவிக்கொத்துகளால் ஜால்ரா தட்டினார்.

தங்கள் காவலர் ஓடிவந்தார். 'அமைதி காக்கவும்' என்ற பலகையைக் காட்டினார். "பாட்டி, இங்க பேசக்கூடாது" என்று அக்காவின் காதுக்கருவியைக் கழற்றினார். அக்கா எதிர்த்துப் பேசாமல் எழுந்து நடந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. வாசல் வரை போனவள் திரும்பி, "பாவம்டா. ரெண்டு தடவ கேட்டாரு" என்றாள்.

7. இன்று காலை மனு எழுதிக் கொடுக்க வந்தபோது, தங்கள் அலுவலகத் துப்புரவுப் பணியாளர் அம்மா அக்காவிடம், "பழைய டேப்பு எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களாம். மூட்டை கட்டியாச்சு, நாளைக்குக் காலைல குப்பை வண்டி வருதும்மா" என்று சொன்னார். தரைத்தளத் தாழ்வாரத்தில் அந்த மூட்டை இருக்கிறது. என் ஆமாக்கள், யானையின் மத்தளம், மச்சான் என்னைத் திட்டியதற்கான காரணங்கள், எல்லாம் அதற்குள்தான். அது போய்விட்டால் அந்த அட்டையில் இருப்பதுதான் உண்மையாகிவிடும். மறுத்துச் சொல்ல நாங்கள் இருக்கும்வரை சொல்வோம். அப்புறம்?

8. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, மூட்டையிலிருந்து அசல் நாடாவை இன்றைக்கே எடுத்துப் பூட்டிவைக்கவும், தூய்மை செய்த பதிவை மறுபடி அழுக்காக்கித் தரவும், அட்டையைச் சட்டத்தோடு கழற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன். என் பெயரை எங்கும் எழுத வேண்டாம், குரல் இருந்தால் போதும். ஒலிப்பொறியாளர் தம்பியைத் தண்டிக்க வேண்டாம். ஒரு நாள் எங்களோடு உட்காரவைத்து ஆமா சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம், அதுவே போதிய தண்டனை.

தங்கள் உத்தரவு வரும்வரை அந்த மூட்டையின்மீது யானை அமர்ந்திருக்கிறார். பெயர்ப் பொருத்தத்தைத் தாங்கள் நேரில் கண்டால் வியப்பீர்கள். காவலர் தனியாகத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோட்டக்காரரை அழைத்துவந்து தூக்கிப் பார்த்தார், தோட்டக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பின் காவலரே களைத்துப்போய் யானையின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படி என்னதான்யா இருக்கு அதுல?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக்கூடாது. அக்கா கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். யானை மூட்டையில் தாளம் போடுகிறார். நான் இதை எழுதிக்கொண்டிருப்பதால் ஆமா சொல்ல ஆளில்லை, காவலரே சொல்லிக்கொண்டிருக்கிறார். சுருதி சேரவில்லை, இடம் தவறி விழுகிறது, ஆனாலும் விடாமல் சொல்கிறார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இப்போதுதான், "ஏம்மா, அந்த ராஜா செத்துட்டாருல்ல?" என்று கேட்டார். அக்கா ஒரு நொடி திகைத்தாள். பிறகு, "அது அவர் தம்பிய்யா" என்றாள்.

தாங்கள் மாடியிலிருந்து இறங்கிவந்து உத்தரவிடுவதாயின் மெல்ல நடந்து வரவும். கதை போர்க்களத்தை நெருங்குகிறது.

இடம்: தங்கள் அலுவலகத் தரைத்தளத் தாழ்வாரம், மூட்டைக்கு எதிர் பெஞ்சு.
நாள்: வண்டி வருவதற்கு முந்தைய நாள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாய் மூடிக் காத்திருக்கும்,
ஆமா மாமா (கையொப்பம்)
ஒல்லி (கையொப்பம்)
அக்கா (கதை முடிந்ததும் கையொப்பமிடுவாள்)
யானை (எழுந்து வர இயலாமையால், காகிதத்தை மூட்டைக்கே கொண்டுசென்று பெறப்பட்ட பெருவிரல் ரேகை)