வியர்க்கும் கைக்கு ஒரு கிரிப்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இரவு பெய்த மழை ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு கணக்குத் தாள் பாதி திருத்தினேன். பேனாவே கையில் வழுக்குகிறது.

போட்டிக்கு இன்னும் பதிமூன்று நாள். ஆத்தூர் பக்கம் கர்னல் தன் தென்னந்தோப்பை அழித்துப் போட்ட ஆறு குழி கோல்ஃப் மைதானம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தபோது பழகிய விளையாட்டு எனக்கு. அவர் விட்டுவிட்டார், நான் விடவில்லை.

போன வருஷம் கடைசிக் குழி. பந்தை ஒரு அடி குறைவாக அடித்து நான் முன்னால். வியர்த்த கையிலிருந்து மட்டை வழுக்கிப் பறந்து வாய்க்காலில் விழுந்தது. டா. அதை வீடியோ எடுத்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டார் (பல் டாக்டர், முழுப்பேர் எழுதக் கை கூசுகிறது). கீழே ஒரு வரி: “தோசைக் கரண்டி பிடிக்கிற கையில மட்டை நிக்குமா?” நாற்பது பேர் சிரித்தார்கள். அதில் என் மாணவர்களின் அப்பாக்களும் உண்டு. மறுநாள் கரும்பலகையில் பெரிதாக ஒரு கரண்டி. நானே அழித்துவிட்டு வட்டத்தின் பரப்பளவு நடத்தினேன்.

ஒரு வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட மறக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

பள்ளி விட்டதும் பேகம்பூர், பாய் கடை. பெல்ட், பை தைப்பவர். ஊரில் மட்டைக்குக் கைப்பிடி உறை, அதாவது கிரிப், மாற்றத் தெரிந்த ஒரே ஆள்.

பார்த்தவை:
– வழவழ ரப்பர் (இப்போது இருப்பது). குப்பை.
– தோல். அழகு. தொட்டால் விடவே மனசில்லை.
– நூல் கலந்த ரப்பர். சொரசொரப்பு. கை கொப்பளிக்குமாம்.
– மேல் பாதி நூல், கீழ்ப் பாதி ரப்பர்.

கடைக்குப் பின்னால் வாளித் தண்ணீரில் கையை முக்கி முக்கி வீசிப் பார்த்தேன். தோல் இரண்டாவது வீச்சிலேயே நழுவியது.

“தோல் யாவாரி நானே சொல்றேன் டீச்சர், நம்ம வேக்காட்டுக்குத் தோலு ஆவாது. வேர்வை எறங்குச்சுன்னா சோப்புதேன்.”

முழு நூல் கிரிப் சொன்னேன். கை கொப்பளித்தால் கொப்பளிக்கட்டும். ஒரு சுற்று தடிமன் கூட. மெலிந்த பிடி என்றால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், இறுக்கினால் இன்னும் வியர்க்கும்.

அக்டோபர் 11, சனி

கிரிப் தயார். பழையதை பிளேடால் கீறி உரித்து, டேப் ஒட்டி, தின்னர் விட்டுச் செருகியிருக்கிறார். ஆத்தூர் போய் நூறு பந்து. ஒன்றுகூட நழுவவில்லை. இரண்டு கொப்புளம்.

சாயங்காலம் டா. போன்.

“என்ன கிரிப் போட்டிருக்கீங்க டீச்சர்? பெரிய ஆராய்ச்சி பண்றீங்களாம்ல, கர்னல் சொன்னாரு.”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. “தோல்தான் டாக்டர். தோலுக்குப் பேர்போன திண்டுக்கல்ல இருந்துக்கிட்டு வேற எதுக்கு?”

“அதானே! கெத்தா இருக்கும்.”

போனை வைத்துவிட்டு இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

பாய் போன். “டாக்டர் தோலு கேட்டு நிக்கிறாரு. வேணாம்னேன். டீச்சரே சொன்னாங்கங்கிறாரு. நீங்களா சொன்னீங்க?”

“ஆமா பாய்.”

“சுத்திக் குடுக்குறேன். ஆனா மட்டை பறந்தா வாய்க்கால்லதேன் விழும்னு இல்லம்மா.”

போனை வைத்தேன். தேய்க்கப் போட்ட புடவை வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

வெயில், காற்றே இல்லை. முதல் குழியில் டா. மட்டையைத் தூக்கிக் காட்டினார். “டீச்சர் செலக்‌ஷன்!” எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

மூன்றாவது குழியில் பேன்ட்டில் கையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போனை வீடியோவில் போட்டுத் தயாராக வைத்தேன்.

ஐந்தாவது குழி. பறந்தது. அவர் மனைவி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடி உடைந்து தெறித்தது. முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி. அந்த அம்மாவின் அலறல். டா. ஓடிப் போய் மண்டியிட்டு அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விளையாடவில்லை.

நான் ஜெயித்தேன். யாரும் கை தட்டவில்லை. “பாவம் டாக்டர், கிரிப் கவுத்துருச்சு” என்றார் கர்னல். என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 22, புதன்

வீடியோவைப் பதினோரு முறை பார்த்தேன். குரூப்பில் போடவில்லை. அந்த அம்மா என்னை ஒன்றும் செய்ததில்லை. அழித்தேன்.

மாலை அவர் கிளினிக். கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தேன்.

“தெரிஞ்சேதான் பொய் சொன்னேன் டாக்டர்.”

முகம் கறுத்தது. “அவ கையில பட்டிருந்தா?”

“அதுக்குத்தான் வந்தேன். அது என் தப்பு. அவங்ககிட்ட நானே சொல்றேன். போன வருஷம் நீங்க பண்ணுனது?”

“அது சும்மா வெளையாட்டு டீச்சர்.”

“மறுநா என் கிளாஸ் போர்டுல கரண்டி வரைஞ்சு வச்சிருந்தாங்க.”

கையுறையைக் கழற்றினார். “எனக்குத் தெரியாது” என்றார், மெதுவாக. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. கேட்க விடவில்லை. அவ்வளவு லேசில் விட நான் தயாரில்லை.

“பாய்கிட்ட நூல் கிரிப் போடுங்க, நான் போட்டதே. ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்களும் நானும் மட்டும்.”

வாசலில் அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நின்று சொன்னேன். கேட்டுவிட்டு, “போங்க” என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

மேகம், ஆனாலும் ஊற்றுகிறது வியர்வை. இருவர் கையிலும் ஒரே கிரிப். கர்னல் மட்டும் ஓரமாக நின்றார்.

நான்கு குழி வரை சமம். ஐந்தாவதில் அவர் ஒரு அடி முன்னால். நன்றாகத்தான் ஆடுகிறார், அதை மறைப்பதற்கில்லை. ஆறாவதில் இருவரும் சம அடியில் குழியருகே வந்தோம்; அவர் பந்து குழியைச் சுற்றி வந்து வெளியே நின்றது. மேலும் இரண்டு தட்டு. நான் எட்டடி தள்ளி. ஒரே தட்டு. விழுந்த சத்தம் கேட்டது.

ஒரு அடியில் ஜெயம். கர்னல் கை தட்டினார்.

டா. தொப்பியைக் கழற்றினார். “சாக்கு சொல்ல ஒண்ணுமில்ல. இப்பக் கோவம் தீந்துச்சா டீச்சர்?”

“இல்ல டாக்டர்.”

வண்டியை எடுத்தேன். செம்பட்டி தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை.