முழு வாக்கியத்தில் விடையளி

தலேஹி, இசபெல் தீவு, சாலமன் தீவுகள்
மே 6

ஹில்டாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க ஞாயிறுதோறும் கோயிலில் உன் பெயரைச் சொல்கிறேன். வீட்டில் இருந்த ஒரே போன் படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. போட்டது உன் மகள். கேட்டால் அலை என்கிறாள். ஆகவே இனி நமக்குக் கடிதம்தான். பண்டாபெர்க்கிலிருந்து ஊருக்கு யார் திரும்பினாலும் ஒன்று கொடுத்து அனுப்பு.

ஒரு செய்தி. சிரிக்காதே. நான் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதப்போகிறேன். கலவர வருஷத்தில் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது நான் நான்காம் படிவத்தில் இருந்தேன். திறந்தபோது நீ வந்துவிட்டாய், பிறகு ஹில்டா வந்துவிட்டாள். இப்போது மிஸ் லவினியா என்று ஒருத்தி செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். வயது இருபத்து நான்கு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் அவள் சாக்பீஸை எடுத்தாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் தேறினால் கிளினிக்கில் உதவி நர்ஸ் பயிற்சிக்கு எடுப்பார்கள். ஹில்டாவுக்கும் இதே வருஷம் இதே தேர்வு. "மம்மி, பரீட்சை ஹால்ல என்னைத் தெரியாத மாதிரி இரு, புரியுதா?" என்கிறாள்.

ஆங்கிலத் தேர்வில் ஒரு பத்தி கொடுப்பார்கள், கீழே கேள்விகள் இருக்கும். விடை பத்திக்குள்ளேயே இருக்கும். விடையைக் கையில் கொடுத்துவிட்டா கேள்வி கேட்பார்கள் என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் வேறு வகைக் கேள்வி வந்தது. ஒரு கிழவர் தினமும் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி ஒன்றை மட்டும் குடிக்கிறார். இவர் மனநிலை என்ன என்று கேள்வி. பத்தியில் துக்கம் என்ற சொல்லே இல்லை, செத்துப்போன மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் எல்லாம் இருக்கிறது! எழுதாத ஒன்று காகிதத்தில் எப்படி வந்து உட்காருகிறது? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை ஹில்டாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

டிசம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. புது ஓலை வேய நீ வருவாய் என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

உன் ரோடா


பண்டாபெர்க், குவீன்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
ஜூன் 11

ரோடா

உன் கடிதம் கிடைத்தது நான் சிரிக்கவில்லை, கொஞ்சம்தான் சிரித்தேன், இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது சர்க்கரைவள்ளிக்கிழங்கு அறுவடை, காலையில் மண் ஐஸ்மாதிரி இருக்கிறது முதுகு பரவாயில்லை, பாக்கு கிடைக்காததுதான் பெரிய கஷ்டம் வாய் சும்மா சும்மா அசைகிறது

நீ எழுதியிருந்த அந்தக் கிழவர் விஷயம் எனக்குப் புரியவில்லை. இன்னொரு கோப்பை விருந்தாளிக்காக இருக்கலாமே

ஓலை வாங்கிப் போடாதே, நான் வந்து பார்த்து வாங்குகிறேன் ஹில்டாவிடம் போனைத் தேடச் சொல்

ஆம்ப்ரோஸ்


தலேஹி
ஜூலை 20

ஹில்டாவின் அப்பாவுக்கு,

உன் கடிதத்தில் மொத்தம் ஒரே ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அதுவும் புரியவில்லை என்பதற்குப் பின்னால். மிஸ் லவினியா கண்ணில் பட்டால் உன்னை வெளியே நிற்க வைப்பாள். விருந்தாளி என்று நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் நல்ல மனசுக்காரர், ஆனா மார்க் கிடையாது" என்றாள்.

இந்த வாரம் வந்த பத்தியைக் கேள். அலாஸ்கா என்று வடக்கே ஒரு பனி தேசம். அங்கே நீளமான மூக்குள்ள ஒரு கரைப்பறவை இருக்கிறது. குளிர் வந்ததும் அது கிளம்பி, நியூஸிலாந்துக்கும் நீ இருக்கிற கரைக்கும் பறந்து வருகிறது. எட்டு நாள், ஒன்பது நாள், சில சமயம் பதினோரு நாள். வழியில் ஒரு வாய் தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது. கடலில் உட்காரவும் அதற்குத் தெரியாது. கிளம்புவதற்கு முன்னால் கொழுக்கத் தின்றுவிட்டு, பாரம் குறைய வேண்டும் என்று தன் குடலையே உள்ளுக்குள் சுருக்கிக்கொள்ளுமாம்! நான் மூன்று முறை வாசித்தேன், தப்பாக வாசிக்கிறேனோ என்று. இல்லை, அப்படித்தான் போட்டிருக்கிறது. நம் தலைக்கு மேலேயும் அது போயிருக்கும் ஆம்ப்ரோஸ், நாம் கீழே மீன் சுட்டுக்கொண்டிருந்திருப்போம். முப்பத்தொன்பது வருஷம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆண்டவர் என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறார்!

ஆனால் கேள்வியில் அடி வாங்கினேன். "பறவை வழியில் எங்கேயும் தங்குவதில்லையா?" என்று கேட்டிருந்தார்கள். நான் யெஸ் என்று எழுதினேன். தங்குவதில்லைதானே? சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. வகுப்பில் ஏழு பேருக்கும் அதே குறி. "நீங்க சொல்றது சரிதான், ஆனா நம்ம ஊர் யெஸ் வேற, இங்கிலீஷ் யெஸ் வேற" என்றாள் மிஸ் லவினியா. நம் ஊரில் 'சாப்பிடலையா?' என்று கேட்டால் சாப்பிடாதவன்தான் யெஸ் என்பான். இங்கிலீஷ்காரன் காதில் அது 'சாப்பிட்டேன்' என்று விழுமாம். அதனால்தான் கேள்வித்தாளில் முழு வாக்கியத்தில் விடையளி என்று போடுகிறார்களாம். பறவை வழியில் எங்கேயும் தங்குவதில்லை, முற்றுப்புள்ளி. அப்படி எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

ஒரே ஒரு சொல், இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் அதற்கு நேர் எதிராகவும் ஆகிறது. எனக்கு அதுவும் அந்தப் பறவை அளவுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

உன் ரோடா


பண்டாபெர்க்
ஆகஸ்ட் 17

ரோடா

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன் டிசம்பரில் வர முடியாது போல, பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் இன்னும் இரண்டு வருஷம் இருப்பவர்கள் பட்டியல், அதில் என் பெயரும் இருக்கிறது

நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. கங்காணி கெவின் வந்து "என்ன ஆம்ப்ரோஸ், தொடர்ந்து இருக்க உனக்கு விருப்பமில்லையா?" என்று கேட்டார். நான் "யெஸ்" என்றேன். அவர் "அப்படிப் போடு!" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம் பார்த்தால் பட்டியலில் பெயர், பெரிய ஆட்கள் முடிவு செய்துவிட்டால் நாம் என்ன செய்வது கூரைக்கு உன் தம்பியை வைத்து ஓலை போட்டுக்கொள், தேர்வை நன்றாக எழுது

ஆம்ப்ரோஸ்


தலேஹி
செப்டம்பர் 9

ஆம்ப்ரோஸ்,

முதல் தடவை வாசித்து அழுதேன். இரண்டாவது தடவை உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஹில்டா காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது தடவை, வகுப்பில் செய்வதுபோல, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கங்காணி என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று அடிக்கோடிட்டேன். அந்த யெஸ்ஸுக்குக் கீழே கோடு போட்டபோது என் கை நின்றுவிட்டது.

அடப் பாவி மனுஷா! அது என் பறவை!

விருப்பமில்லையா என்று கேட்டார். விருப்பமில்லை என்பதற்கு நீ யெஸ் என்றாய். அவர் காதில் விருப்பம் என்று விழுந்திருக்கிறது. உன்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. நீ வாங்கியது நான் வாங்கிய அதே பெருக்கல் குறி. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கிழங்கு வயலில் நடந்தது, என் பென்சில் நுனியில் திறந்துகொண்டது. படிப்பு இவ்வளவு செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை. ஹில்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, "மம்மி, நீ பாஸ்" என்றாள்.

கெவினிடம் போ. யெஸ்ஸும் வேண்டாம் நோவும் வேண்டாம். 'டிசம்பரில் நான் வீட்டுக்குப் போக விரும்புகிறேன்' என்று முழுதாகச் சொல். கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், வெட்டிப் பையில் வைத்துக்கொள். உடனே பதில் போடு.

உன் ரோடா


தலேஹி
நவம்பர் 3

ஆம்ப்ரோஸ்,

இரண்டு கப்பல் வந்து போயிற்று. பண்டாபெர்க்கிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள், யார் கையிலும் உன் கடிதம் இல்லை.

தேர்வு முடிந்தது. ஹில்டா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தெரியாத மாதிரி இருக்கச் சொன்னவள் பாதியில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்த பத்தி கலங்கரை விளக்கத்தைப் பற்றி. எழுதியவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கடைசிக் கேள்வி. அதை எழுதும்போது எனக்கு உன் ஆகஸ்ட் கடிதம் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து எடுத்து வாசித்தேன்.

நீ கடிதத்தில் முற்றுப்புள்ளியே வைப்பதில்லை. அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் ஒழுங்காக வைத்திருக்கிறாய். கெவின் கேட்டதும் நீ சொன்னதும் இருக்கிற அந்த நாலைந்து வரியில். தப்பு எங்கே நடந்தது என்று தெரியாதவன் அந்த வரிகளை மட்டும் இத்தனை பத்திரமாக எழுதமாட்டான். உனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்தும் திருத்தாமல் விட்டிருக்கிறாய். தெரியாமல் நடந்தது என்று நான் குதித்துக் குதித்து எழுதினேன் பார், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏன் என்று கேட்கமாட்டேன். விடை பத்தியில் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். நீ வீட்டுக்கு வரமாட்டாயா?

யெஸ் என்று மட்டும் எழுதி அனுப்பாதே. எந்தக் கரையின் யெஸ் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இனி தெம்பில்லை.

ரோடா


பண்டாபெர்க்
நவம்பர் 24

ரோடாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாகத் திருத்தி எழுதுகிறேன். புள்ளிகளை எண்ணிக்கொள்.

நீ கண்டுபிடித்தது சரி. கெவின் கை குலுக்கிய அன்றே, கூட வேலை செய்யும் வனுவாட்டு தீவுக்காரன் சொல்லிவிட்டான். "அடேய், நீ இருக்கேன்னுல்ல சொல்லிட்டு வந்துருக்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். போய்த் திருத்த ஐந்து நிமிஷம் போதும். நான் போகவில்லை.

காரணம் உன் கடிதங்கள். நிலம் உன் அம்மா வழி வந்தது. மகள் உன் குலம். அது நம் தீவு வழக்கம், அதில் எனக்கு ஒரு நாளும் குறையில்லை. என் பங்குக்கு நான் சம்பாதிப்பவன், வெளியூர் தெரிந்தவன் என்று இருந்தேன். நீ அந்தக் கிழவரின் கோப்பையைப் பற்றி எழுதியதை மூன்று தடவை வாசித்தும் எனக்குப் புரியவில்லை. இவள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள், மூட்டை தூக்குகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று பயந்தேன். பயந்தவனுக்கு அந்தப் பட்டியல் வசதியாக இருந்தது. நீ செப்டம்பரில் எழுதியதைப் படித்து இன்னும் அதிகம் பயந்தேன். அதனால்தான் பதில் போடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆற்று முகத்துவாரத்துக்கு மீன் பிடிக்கப் போனோம். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. சேற்றில் பழுப்பு நிறத்தில் நூறு பறவைக்கு மேல் நின்றன. நீளமான மூக்கு. சில ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கின. மெலிந்து, இறகெல்லாம் கலைந்திருந்தன. பக்கத்தில் நாயோடு வந்த ஒரு கிழவியிடம் கேட்டேன். "அலாஸ்காவுல இருந்து வருதுங்க தம்பி, வழியில எங்கயும் நிக்காம" என்றாள்.

ரோடா, அது உன் பறவை. நீ காகிதத்தில் வாசித்தது என் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. ஒன்று நான் நின்ற இடத்துக்குப் பத்தடி பக்கத்தில் வந்து மூக்கு முழுவதையும் சேற்றுக்குள் விட்டுத் தின்றது. இந்தக் கரையில் மூன்று வருஷமாக இருக்கிறேன், இதுவரை ஒரு தடவைகூட அதை நான் பார்க்கவில்லை. தலேஹியில் உட்கார்ந்துகொண்டு நீ பார்த்துவிட்டாய். தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கோயிலுக்குள் போகும்போது வருகிற பயமாக மாறிவிட்டது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம்.

அந்தக் கோப்பை எனக்கு இப்போது புரிகிறது. இங்கே எனக்கும் ஒரு கோப்பைதான்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் தயங்கினேன். உன் நவம்பர் கடிதம் வந்த மறுநாள் காலையில், நீ வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியத்தைக் கெவினிடம் நின்று வாசித்தேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார். பெயரை அடித்தார்.

உன் கேள்விக்கு விடை.

நான் டிசம்பர் பதினெட்டாம் தேதி வருகிற கப்பலில் வீட்டுக்கு வருகிறேன்.

முழு வாக்கியம்தானே? தப்பிருந்தால் சிவப்பு மையில் போடு, வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஆம்ப்ரோஸ்.