ஆள் எண்ணிக்கை: ஒன்று

மார்ச் 4, திங்கள்
புது மேலாளர் ஓர் அட்டவணை கேட்டிருக்கிறார். மேலிருந்து கீழே வயது, இடமிருந்து வலம் படிப்பு, கட்டத்துக்குக் கட்டம் சராசரிச் சம்பளம். "பேரு எதுவும் வேண்டாம் சார். யாரையும் குறிவைக்கிற மாதிரி இருக்கக் கூடாது பாருங்க." அவருக்கு வயது இருபத்தொன்பது, பட்டம் இரண்டு. இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நான் சம்பளப் பட்டியல் போட ஆரம்பித்து முப்பது வருஷம்.

மார்ச் 5
படித்தவர் சம்பளம் வயதோடு ஏறுகிறது. படிக்காதவர் சம்பளம் நாற்பதில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறது. ஒரே ஒரு கட்டம்தான் அடங்காமல் நிற்கிறது: ஐம்பதுக்கு மேல், பள்ளிப்படிப்பு மட்டும். புதுப் பட்டதாரிகள் இருவர் வாங்குவதைத் தனியாக வாங்குகிறது. ஆள் எண்ணிக்கை: ஒன்று.

நான்தான்.

மார்ச் 6
ஆள் குறைக்கத்தான் இந்த அட்டவணை என்று வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கிறாள். "உங்களைப் போய் யாருங்க அனுப்புவாங்க? சம்பளம் போடுறதே நீங்கதானே." தூக்குக்கயிறு திரிப்பவனுக்குத் தூக்கு கிடையாது என்று எங்கே எழுதியிருக்கிறது? மகளுக்குக் கல்லூரி இன்னும் இரண்டு வருஷம்.

மார்ச் 7
பெயரே இல்லாத அட்டவணையில் என் சட்டையின் நிறம்வரை தெரிகிறது.

மார்ச் 8, வெள்ளி
வழி கிடைத்தது. 'பள்ளி', 'டிப்ளமோ' இரண்டையும் சேர்த்து 'பட்டம் இல்லாதவர்' ஆக்கிவிட்டேன். கிடங்குக்காரர் டிப்ளமோ. என்னைவிட ஒரு வயது இளையவர், சம்பளம் என்னுடையதில் பாதி. இப்போது கட்டத்தில் இரண்டு பேர். சராசரி இறங்கிவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை — இல்லைதானே?

மதியம் அவரே வந்தார். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? சுகர் பார்த்தீங்களா?"

மார்ச் 12
மேலாளர் அந்தக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "பட்டம் இல்லாம இவ்வளவா? அதுவும் ரெண்டு பேரா?" நான் தண்ணீர் குடித்தேன். "ஒருத்தர் நீங்க. சம்பளம் போட ஆள் வேணும், சரி. இன்னொருத்தர் யாரு?"

சொன்னேன்.

அவர் சம்பளம் எவ்வளவு என்று மேலாளர் கேட்கவில்லை. அதுதான் சராசரி இருக்கிறதே. நானும் சொல்லவில்லை.

மார்ச் 29
கிடங்குக்காரரின் கடைசிச் சம்பளத்தை நானே போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்களாச்சும் தப்பிச்சீங்களேண்ணே. உங்களையும் போகச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

ஏப்ரல் 5
இனி மாதாமாதம் அட்டவணை வேண்டுமாம். முடித்துவிட்டேன். ஐம்பதுக்கு மேல், பட்டம் இல்லாதவர்: ஆள் எண்ணிக்கை ஒன்று. ஆளைக் குறைத்த பிறகு சராசரி ஏறியிருக்கிறது.

ஏன் என்று மேலாளருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு பட்டம் படித்தவர்.