எஸ் ஆறு நிற்கும் இடம்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவுக்குக் கோலப்பொடிக்காரர் வந்தார். அம்மாவுக்காக ரெண்டு படி வாங்கினேன். அந்தக் காய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஒரு தும்மல், கூடவே நீங்கள். புரையேறினால்தான் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். எனக்குத் தும்மலிலேயே வேலை முடிந்துவிட்டது.

ஸ்டேஷனைக் கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை உங்களுக்கு. காலையில் பிளாட்பாரத்தைச் சுத்தமாக்கிவிட்டு, சாயங்காலம் நீங்களே அதில் பொடியைக் கொட்டுவீர்கள். சென்னை வண்டி நம்மூரில் ரெண்டே நிமிஷம் நிற்கும். எந்தப் பெட்டி எங்கே வரும் என்று காட்ட அப்போது போர்டு கிடையாது. அதனால் பெட்டி நிற்கும் இடத்திலெல்லாம் புள்ளி வைப்பீர்கள். ரெண்டு புள்ளி என்றால் எஸ் ரெண்டு, ஆறு என்றால் எஸ் ஆறு. ஏசிக்கு மட்டும் ஒரு பூ. யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை.

"ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த வேல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மீட்டர் கேஜ்ல வண்டி குட்டியா இருக்கும்லே. எங்கன நின்னாலும் ஓடிப் பிடிச்சிரலாம். பொறவு தண்டவாளத்தப் பேத்துப் போட்டு, ஊரையே பஸ்ல அலையவிட்டு, பெரிய லைன் கொண்டாந்தாங்க. வண்டி நீண்டுட்டு. சனத்துக்குக் காலு நீளலையே."

காலையில் மதுரைப் பாசஞ்சருக்குக் காலேஜ் கூட்டம், துண்டு பண்டலோடு தறிக்காரர்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு நிற்க இடமிருக்காது; மற்ற நாள் மத்தியானத்தில் பெஞ்சில் உட்கார ஆளிருக்காது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பத்தாம் வகுப்பு லீவு. அன்று சாயங்காலம் நீங்கள் புள்ளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், இடத்துக்கு நாலு புள்ளி கூடுதலாக வைத்தேன். ரெண்டு ஆறானது, மூணு ஏழானது. கணக்கில் நான் வீக். அன்றைக்குப் பார்த்துக் கூட்டல் சுத்தமாக வந்தது.

வண்டி வந்ததும் ஊரே குறுக்கும் நெடுக்கும் ஓடியது. நான் பெஞ்சுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன், காலில் கம்பி வைத்திருந்த தறிக்கடை அண்ணாச்சியைப் பார்க்கும்வரை. செக்கப்புக்குச் சென்னை போகிறவர். டிக்கெட் எஸ் ஆறு. ஆறு புள்ளியில் நின்றிருந்தார். அவர் முன்னால் வந்து நின்றது எஸ் ரெண்டு. நீங்கள் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடி வந்து, "எதுலயாவது ஏறுங்க அண்ணாச்சி!" என்று இடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளினீர்கள். ஓடும் வண்டிக்குள் நாலு பெட்டி அந்தக் காலோடு நடந்திருக்கிறார்.

அவர் மகன் புகார் கொடுத்தார். கான்ட்ராக்ட் மேஸ்திரி உங்களை நிற்க வைத்துக் கேட்டார். "காத்துல கலைஞ்சிருக்கும் சார்" என்றீர்கள். காற்று நாலு நாலாகக் கூட்டுமா? இனிமேல் தரையில் ஒரு புள்ளி தெரிந்தாலும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். உங்கள் மகள் அப்போது நர்சிங் முதல் வருஷம்.

நீங்கள் நேரே என்னிடம் வந்தீர்கள். என் பேன்ட் பாக்கெட் வெள்ளையாக இருந்தது, விசாரணைக்கு அவசியமில்லை.

"புள்ளிதானே வைக்கக் கூடாதுன்னான். ஆள் நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. நாளையிலேர்ந்து எஸ் ஆறு நிக்குற எடத்துல நீ நில்லு. கேக்கவங்களுக்கு வழி சொல்லு."

"எத்தன நாளைக்குக்கா?"

"போர்டு வார வரைக்கும்."

பெரும்புள்ளி ஆக ஆசைப்பட்டவன், வெறும் புள்ளியாக ரெண்டு வருஷம் நின்றேன். நான் செய்ததை நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. போர்டு வந்தது. அதற்கடுத்த மாதம் மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்விட்டீர்கள். மாலையில் ஸ்டேஷன் பக்கம் போவது மட்டும் எனக்கு நிற்கவில்லை.

போன வாரம் அண்ணாச்சி சென்னை வண்டிக்கு வந்தார், கைத்தடியோடு.

"அந்தக் கூட்டுத பொம்பளய எங்கன காணும்?"

சொன்னேன்.

"அடப்பாவமே. என்னயத் தூக்கி ஏத்துனவ அவதான். ஆனா புள்ளிய மாத்தி வச்சதும் அவதானே. அதான் மவன எழுதிக் கொடுக்கச் சொன்னேன்."

தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். மறுத்துச் சொல்ல நீங்களும் இல்லை.

"அவங்க மாத்தல அண்ணாச்சி. நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். வண்டி வந்துவிட்டது. பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தானே பெட்டியின் வாசல் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, திரும்பி நின்றார்.

"அவ வீடு தெரியுமாலே?"

"தெரியும்."

"யாரு இருக்கா?"

"மக இருக்காங்க."

"வியாழக்கெழம வாரேன். என்னயக் கூட்டிட்டுப் போ. அங்கன மொதல்ல வாயத் தொறக்குறது நீதான், நான் இல்ல."

நாளைக்கு வியாழக்கிழமை, அக்கா. எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். இதற்கு ஒன்றும் கைவசம் இல்லை.