பின்னங்கள் பாடத்துக்கு வராதவர்கள்

வ்ராத்சா
1 மார்ச் 1996

அன்புள்ள தான்கா,

ஒருவழியாகத் தலைமையாசிரியர் பயிற்சிக்கு உன்னையும் எடுத்துவிட்டார்கள். மார்ச் பிறந்துவிட்டது, வழக்கப்படி நலம் வேண்டிக் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை இதனுடன் வைத்திருக்கிறேன், கையில் கட்டிக்கொள்.

வேறு பள்ளி வகுப்புகளைப் பார்த்துக் கற்க உன்னை எங்களிடமே அனுப்புகிறார்களாம். துணைத் தலைமையாசிரியையாக நான் இருக்க உனக்கென்ன கவலை? வியாழக்கிழமை ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள். பார்வையாளர்களுக்கென்றே நடத்தும் பாடம். பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நாலு நல்ல வார்த்தை எழுது. தேர்வுக் குழுத் தலைவி கனேவா அம்மா அதை வைத்துத்தான் உன்னை எடைபோடுவார். கல்லூரியில் போல வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே.

முடிந்ததும் நம் வீட்டில் சாப்பாடு. என் வீட்டுக்காரர் ஸ்தொயில் பாலாடைக்கட்டி வைத்துப் பனித்சா சுடுகிறார்.

உன் வெசேலா


லோம்
9 மார்ச் 1996

அன்புள்ள வெசேலா,

உன் கணவரின் பனித்சாவுக்கு ஒரு குறையும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

வகுப்பில் நாலு இடம் காலியாக இருந்ததால் பாதியில் எழுந்து தேடிப் போனேன். நாலு பேரும் உடற்பயிற்சிக்கூடத்தில் பெஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செவ்தா என்ற பெண்ணிடம், "நீ ஏம்மா இங்க இருக்கே?" என்றேன்.

"எனக்கு வா... வாய் திக்கும் டீச்சர். நான் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிருமாம்."

"அப்போ பாடம் போச்சே?"

"எல்லாம் தெ... தெரியுமே, மூணு தடவ ஒத்திகை பாத்தோம். இப்போ டீச்சர் சாக்பீஸை வேணும்னே கீழ போடுவாங்க, எல்லாரும் சி... சிரிக்கணும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மாடியில் வகுப்பே சிரித்தது.

மீதி நேரம் அந்த நாலு பேரோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஒத்திகை பார்த்த கணக்கை எண் மாற்றிப் போட்டேன், செவ்தா அதையும் செய்தாள், மெதுவாக. நான் பார்த்த வகுப்பு அதுதான். அதைத்தான் எழுதுவேன்.

தான்கா


வ்ராத்சா
13 மார்ச் 1996

தான்கா,

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்க எப்போது கற்றாய்? உங்கள் ஊரில் மட்டும் ஒத்திகை இல்லாமலா பாடம் நடக்கிறது? அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் திக்கவைத்து அழவிடச் சொல்கிறாயா? அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

நீ எழுதினால் என் வேலை போகும், உனக்கும் பதவி கிடைக்காது. இத்தனை வருஷம் எங்கள் தலைமையாசிரியரின் கீழ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது இதற்குத்தானா? யோசித்துக்கொள்.

வெசேலா


லோம்
17 மார்ச் 1996

வெசேலா,

யோசித்தேன். எங்கள் ஊரிலும் நடக்கிறது, நானும் பிள்ளைகளை வெளியே அனுப்பியவள்தான். அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா என்ன? செவ்தாவுக்கு நல்லது என்றால் அதை அவளிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பெஞ்சு அடுக்கும் பிள்ளைகளை மறைத்துத்தான் தலைமையாசிரியர் ஆக முடியும் என்றால், அந்த நாற்காலியைத் தேர்வுக் குழுவே வைத்துக்கொள்ளட்டும். நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னை இழப்பேன் என்று தெரிந்துதான் செய்தேன். அது வலிக்கிறது. ஆனாலும் ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

தான்கா


வ்ராத்சா
29 மார்ச் 1996

தான்கா,

நேற்று கனேவா அம்மா என்னைக் கூப்பிட்டார். உன் அறிக்கை மேசைமேல் இருந்தது. "இந்தம்மா ஏதோ கத கட்டிருக்காங்க. பொய்தானேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்றார்.

பொய் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வீட்டில் கண்ணாடி முன் சொல்லிக்கூடப் பார்த்தேன். அங்கே வாய் வரவில்லை. "நெஜந்தாம்மா. அனுப்பச் சொன்னதே நான்தான்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "ரெண்டு பேருமே கெட்டீங்க" என்றார். உனக்குப் பதவி இல்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு நான் துணைத் தலைமையாசிரியை இல்லை.

நன்றி சொல்லி எழுதிவிடாதே, உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் விடுமுறை வரை அதிகாரம் என் கையில்தான். வரும் வியாழக்கிழமை மறுபடி பார்வையாளர்கள் வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. செவ்தாவிடம், "உள்ள இருக்கியா?" என்று கேட்டேன், "இருக்கேன்" என்றாள். முதல் கேள்வி அவளுக்குத்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை மணி அடிக்கக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டேன்.

வெசேலா